கறுப்புப் பட்டையை உருவாக்கிய ஆசிரியர்

ஜூடோவில் சிவப்புப் பட்டை என்பது ஒன்பதாம், பத்தாம் நிலைகளை எட்டிய முதுபெரும் ஆசான்களுக்கு உரியது. உலகம் முழுவதும் தேடினாலும் அதை அணியும் தகுதி பெற்றவர்கள் மிகச் சிலரே. டேக்வாண்டோ பயிற்சிக் கூடத்திலோ பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதே சிவப்புப் பட்டையைக் கட்டியிருக்கலாம். அங்கு அது கறுப்புக்கு முந்தைய படி. பிரேசிலிய ஜுஜுத்சுவில் கறுப்புப் பட்டை பெற்ற பிறகும் சிவப்பை எட்ட ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். கெண்டோ எனும் ஜப்பானிய வாள்கலையில் நிலைகள் உண்டு. ஆனால், அவற்றைக் காட்டும் பட்டையே இல்லை.

ஒரே கலைக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. கராத்தேயின் பல பள்ளிகளில் வெள்ளைக்கு அடுத்து மஞ்சள் வருகிறது. கியோகுஷின் பள்ளியில் ஆரஞ்சு, நீலம் ஆகியவற்றைத் தாண்டிய பிறகே மஞ்சள். நம் ஊர்களிலும் மாலை நேரங்களில் வெள்ளைச் சீருடை அணிந்து கராத்தே வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகள் ஏராளம். ஒரு பள்ளியில் பெற்ற பச்சைப் பட்டை, வீடு மாறிப் போன ஊரின் பள்ளியில் செல்லாது என்று கேட்டுத் திகைக்கும் பெற்றோரும் உண்டு.

நிறங்கள் ஏன் இப்படி மாறுகின்றன என்ற கேள்விக்கு விடை தேடிச் சென்றால், கதை ஒரே மனிதரிடம் போய் நிற்கிறது. அவர் மல்லர் அல்லர்; போர்வீரர் குடும்பத்தில் பிறந்தவரும் அல்லர். பள்ளிக்கூட ஆசிரியர். பெயர் ஜிகோரோ கானோ. ஜூடோவை உருவாக்கியவர் என்று உலகம் அவரை அறியும். தற்காப்புக் கலையில் ஒருவர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதைப் பிறர் கண்ணுக்குத் தெரியும்படி அளக்கலாம் என்று முதலில் முடிவெடுத்தவரும் அவரே.

மெலிந்த சிறுவன்

கானோ 1860இல் கோபே நகருக்கு அருகிலுள்ள மிகாகே என்னும் கடலோர ஊரில் பிறந்தார். அரிசி மதுவான ‘சாகே’ வடிப்பதற்குப் பெயர்பெற்ற ஊர் அது. கானோவின் குடும்பமும் அந்தத் தொழிலில் இருந்தது. தந்தை வடிசாலைத் தொழிலில் ஈடுபடாமல் கப்பல் போக்குவரத்திலும் அரசுப் பணியிலும் ஈடுபட்டார். கானோவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தாய் இறந்தார். அதன் பிறகு தந்தை பிள்ளைகளை டோக்கியோவுக்கு அழைத்துச் சென்றார்.

ஜப்பான் தலைகீழாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியது. 1876இல் சாமுராய்கள் பொது இடங்களில் வாள் ஏந்துவது தடைசெய்யப்பட்டது. மேற்கத்தியக் கல்வி, மேற்கத்திய உடை, மேற்கத்தியச் சட்டம் ஆகியவையே முன்னேற்றத்தின் அடையாளங்கள் எனக் கருதப்பட்டன. கானோவும் ஆங்கிலமும் ஜெர்மனும் கற்றார். படிப்பில் முன்னணியில் இருந்த அவர், உடலால் மிகவும் சிறியவர். வளர்ந்த பிறகும் அவரது உயரம் ஐந்தடி இரண்டு அங்குலத்தைத் தாண்டவில்லை. விடுதிப் பள்ளியில் மூத்த மாணவர்கள் அவரை ஓயாமல் துன்புறுத்தினர்.

வலிமை குறைந்தவர் வலிமை மிக்கவரை வீழ்த்த உதவும் கலை ஒன்று உண்டு என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஜுஜுத்சு எனப்பட்ட அந்தக் கலை அப்போது மதிப்பிழந்து கிடந்தது. அதைக் கற்பித்த ஆசான்கள் பலர் பிழைப்புக்காக எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியத்தில் இறங்கியிருந்தனர். எனவே, கானோ கட்டுப்போடும் வைத்தியர்களைத் தேடி அலைந்தார். 1877இல், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அதே ஆண்டில், ஃபுகுடா ஹச்சினோசுகே என்ற ஆசானைக் கண்டடைந்தார். தென்ஜின் ஷின்யோ என்ற மரபைச் சேர்ந்தவர் அவர். இரண்டு ஆண்டுகளில் ஃபுகுடா இறந்துவிட, அதே மரபின் ஈசோ மசாடோமோவிடம் கானோ பயின்றார். அவரும் 1881இல் மறைந்தார். அதன் பிறகு கிட்டோ என்ற வேறொரு மரபைச் சேர்ந்த இகுபோ ட்சுனேடோஷியிடம் சேர்ந்தார்.

சுருள்களின் காலம்

இந்த மூன்று ஆசான்களிடம் பயின்றபோது, கானோ நுணுக்கங்களோடு சேர்த்து வேறொன்றையும் கவனித்திருக்க வேண்டும். அக்காலப் பள்ளிகளில் மாணவரின் தேர்ச்சியைக் காட்டும் பட்டையோ எண்ணோ கிடையாது. ஆசான் எழுதித் தரும் உரிமச் சுருள்களே இருந்தன. கற்ற நுணுக்கங்களின் பட்டியல் அடங்கிய சுருள் ஒன்று. கற்பிக்கும் உரிமை தரும் சுருள் மற்றொன்று. மரபின் அனைத்தும் கைமாறிவிட்டது என்பதற்குச் சான்றான முழு உரிமம் இறுதியானது. எத்தனை படிகள், அவற்றின் பெயர்கள் எவை என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டது.

ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் இடையே பல ஆண்டுகள் கழியும். எப்போது தருவது என்பது ஆசானின் மனத்தைப் பொறுத்தது. பல பள்ளிகளில் நுணுக்கங்களை வெளியே சொல்லக் கூடாது என்ற உறுதிமொழியும் உண்டு. பெற்ற சுருளை மாணவர் வீட்டில் பேழைக்குள் வைத்திருப்பார். எதிரில் நிற்பவருக்கு அவர் எந்த நிலையில் இருப்பவர் என்பது தெரியாது. சிறிய குழுவுக்குள், வாழ்நாள் முழுவதும் ஒரே ஆசானோடு இருக்கும் சமூகத்துக்கு அந்த முறை பொருந்தியது. ஊர்விட்டு ஊர் செல்லும் மாணவர்கள், அரசுப் பள்ளிகள், பொதுத் தேர்வுகள் ஆகியவை வந்துவிட்ட புதிய ஜப்பானுக்கு அது பொருந்தவில்லை.

பன்னிரண்டு பாய்களில் ஒரு பள்ளி

1882இல், 21 வயதில், டோக்கியோவின் எய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலில் சிறிய இடம் ஒன்றைப் பெற்றுக் கானோ தம் பள்ளியைத் தொடங்கினார். பயிற்சிக் களத்தின் பரப்பு பன்னிரண்டு பாய்கள் அளவே. தொடக்கத்தில் இருந்த மாணவர்கள் ஒன்பது பேர். வழியைக் கற்கும் இடம் என்று பொருள்படும்படி அதற்குக் கோடோகான் என்று பெயரிட்டார். கலையின் பெயரையும் மாற்றினார். ஜுஜுத்சு என்பதில் உள்ள நுட்பம் என்ற சொல்லை நீக்கி, வழி என்ற சொல்லைச் சேர்த்தார். அப்படிப் பிறந்தது ஜூடோ. உயிருக்கு ஆபத்தான அடிகளையும் உறுப்புகளை முறிக்கும் பிடிகளையும் தடையற்ற பயிற்சியிலிருந்து விலக்கினார். இருவர் முழு வலிமையோடு மோதியும் மறுநாள் மீண்டும் பயிற்சிக்கு வர முடிந்தது. இந்த மாற்றமே ஜூடோவின் வெற்றிக்கு அடித்தளமாக அமைந்தது.

மறு ஆண்டு, 1883இல், தம் மாணவர்களான சாய்கோ ஷிரோ, டோமிடா ட்சுனேஜிரோ ஆகிய இருவருக்கும் ‘ஷோடான்’ எனப்படும் முதல் டான் நிலையை வழங்கினார். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் ஏற முயலும் ஏணியின் முதல் படி அது. பின்னாளில் டோமிடாவின் மகன், சாய்கோவின் வாழ்க்கையைத் தழுவி ‘சுகாடா சன்ஷிரோ’ என்ற நாவலை எழுதினார். அதைப் படமாக்கித் திரையுலகில் இயக்குநராக அறிமுகமானவர் அகிரா குரோசாவா.

டான் என்ற அளவுகோலைக் கானோ தற்காப்புக் கலைகளிலிருந்து எடுக்கவில்லை. ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆட்டக்காரர்களை டான் என்ற எண்ணிட்ட நிலைகளால் தரம் பிரிக்கும் வழக்கம் இருந்தது. சமமற்ற இருவர் ஆடும்போது வலுக் குறைந்தவருக்கு எத்தனை காய்கள் சலுகை என்பதைத் தீர்மானிக்க அது உதவியது. மர்மம் ஏதுமற்ற, எளிய கணக்கு அது. கானோவுக்குத் தேவைப்பட்டதும் அதுவே. டான் நிலைக்குக் கீழே இருப்போருக்குக் ‘கியூ’ என்ற படிகளை அவர் வகுத்தார். கியூ எண்கள் குறைந்துகொண்டே வரும். டான் எண்கள் ஏறிக்கொண்டே போகும்.

அந்த நிலையைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் அடையாளம் 1886 வாக்கில் வந்தது. டான் பெற்றவர்கள் கறுப்புப் பட்டை அணியத் தொடங்கினர். முதலில் அது அன்றாடக் கிமோனோவில் கட்டும் அகலமான இடுப்புக் கச்சைதான். இன்று நாம் காணும் தடித்த சீருடையும் குறுகலான பட்டையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றன. வெள்ளைப் பட்டையைத் துவைக்காமல் ஆண்டுக் கணக்கில் அணிந்ததால் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து அது கறுப்பாகிவிட்டது என்றொரு கதை உலகம் முழுவதும் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆனால், உண்மை அதுவன்று. கறுப்பு, ஓர் ஆசிரியர் யோசித்து எடுத்த நிர்வாக முடிவு. களத்தில் கால் வைத்ததும் யாரிடம் கற்பது, யாருக்குக் கற்பிப்பது, யாரிடம் வலுவைக் குறைத்துக் கொள்வது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதல் டானைக் குறிக்கும் ‘ஷோ’ என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தொடக்கம் என்பது பொருள். கறுப்புப் பட்டை பெற்றவர் அடிப்படைகளைக் கற்று முடித்துவிட்டார். இனி உண்மையான கல்வியைத் தொடங்கலாம் என்பதே கானோவின் அளவுகோல். பின்னர் உயர் டான் நிலைகளுக்கு வேறு நிறங்கள் வந்தன: ஆறு முதல் எட்டு வரை சிவப்பும் வெள்ளையும் கலந்த பட்டை, ஒன்பது, பத்துக்குச் சிவப்பு. பத்தாம் டானோடு ஏணி முடிந்துவிடுவதாகவும் கானோ கருதவில்லை. தகுதியுடையவர் வந்தால் அதற்கு மேலும் வழங்கத் தடை இல்லை என்பது அவர் நிலைப்பாடு.

வகுப்பறையும் களமும்

கானோவின் வாழ்க்கையை ஜூடோவோடு நிறுத்திவிட்டால், இந்த ஏணியை அவர் ஏன் அமைத்தார் என்பது விளங்காது. அவருடைய முழுநேரப் பணி கல்வி. பிரபுக்களின் பிள்ளைகள் பயின்ற ககுஷூயினில் ஆசிரியராக இருந்தார். 1889இல் ஐரோப்பியக் கல்வி முறைகளை ஆராயச் சென்றார். 1891இல் குமமோட்டோ நகரின் உயர்நிலைக் கல்லூரிக்கு முதல்வரானார். எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் அங்கு அவரோடு ஆசிரியராகப் பணியாற்றினார். 1893இல் டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்று, இடையில் சில இடைவெளிகளோடு 1920 வரை அதில் நீடித்தார். ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கிய முதன்மை நிறுவனம் அது. அங்கு பயின்றவர்கள் நாடெங்கும் சென்றபோது, கானோவின் சிந்தனையும் அவர்களோடு சென்றது. 1911இல் நடுநிலைப் பள்ளிகளின் பாடத்திட்டத்துக்குள் ஜூடோவும் கெண்டோவும் வர இடம் கிடைத்தது.

சீனாவிலிருந்து வந்த மாணவர்களுக்காகவும் அவர் பள்ளி நடத்தினார். கோபுன் கல்லூரி என்ற பெயரில் இயங்கிய அப்பள்ளியில் 1902இல் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியாக விளங்கிய லூ சுன்.

கல்வியாளர் ஒருவருக்கு மாணவரை வகுப்புகளாகப் பிரிப்பதும், ஒவ்வொரு வகுப்புக்கும் பாடம் வகுப்பதும், தேர்வு நடத்தி மேலே அனுப்புவதும் இயல்பான செயல்கள். கானோ செய்ததும் இதுவே. ரகசியச் சுருள்களின் இடத்தில் வகுப்புகளை வைத்தார். யாரும் சேரலாம், யாரும் ஏறலாம், அடுத்த படி எது என்பது முன்கூட்டியே தெரியும் என்ற மூன்று உறுதிகளை அந்த முறை தந்தது. 1922இல் அவர் தம் கொள்கையை இரண்டு முழக்கங்களாகச் சுருக்கினார். ஆற்றலை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்துவது ஒன்று; தானும் பிறரும் ஒருசேர வளர்வது மற்றொன்று. பட்டை இவற்றுக்கு ஒரு துணைக்கருவி; கல்வியின் நோக்கமாக அதை அவர் ஒருபோதும் முன்வைக்கவில்லை. எல்லோருக்கும் நிலை வழங்கிய அவர், தமக்குத் தாமே ஒரு டானை வழங்கிக்கொள்ளவும் இல்லை.

கடன் வாங்கியவர்கள்

அதே 1922இல் ஒகினாவாத் தீவிலிருந்து ஃபுனாகோஷி கிசின் என்ற பள்ளி ஆசிரியர், கராத்தேயைச் செய்துகாட்ட டோக்கியோ வந்தார். கானோ அவரைக் கோடோகானுக்கு அழைத்துத் தம் மாணவர்கள் முன்னிலையில் செய்துகாட்டச் சொன்னார். அன்றுவரை ஒகினாவாவின் கராத்தேயில் சீருடையும் இல்லை, நிலைகளும் இல்லை, பட்டையும் இல்லை. தலைநகரில் வேரூன்ற விரும்பிய ஃபுனாகோஷி, ஜூடோவின் உடையைச் சற்று மெல்லிய துணியில் தழுவிக்கொண்டார். டான் முறையையும் ஏற்று, 1924இல் தம் மாணவர்கள் ஏழு பேருக்கு முதல் டான் வழங்கினார். கராத்தே என்றதும் நம் நினைவுக்கு வரும் கறுப்புப் பட்டை, உண்மையில் ஜூடோவிடமிருந்து பெற்ற கடன்.

1895இல் கியோட்டோவில் நிறுவப்பட்ட போர்க்கலை அமைப்பான டாய் நிப்போன் புடோகுகாய், வெவ்வேறு கலைகளுக்கும் பட்டங்களையும் நிலைகளையும் வழங்கியது. அதன் வழியாக டான் என்பது ஜப்பானியப் போர்க்கலைகள் அனைத்துக்கும் பொது மொழியானது. கெண்டோ எண்ணை ஏற்றது, அடையாளத்தை ஏற்கவில்லை. இன்றும் கெண்டோ களத்தில் முதல் டான் பெற்றவரும் எட்டாம் டான் பெற்றவரும் ஒரே தோற்றத்தில்தான் நிற்பார்கள். எட்டாம் டான் தேர்வை எழுதவே 46 வயது நிறைந்திருக்க வேண்டும். அதில் தேறுவோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். அந்தக் கடுமையான தேர்வில் வென்றவருக்கும் இடுப்பில் அணிய ஒன்றும் கிடைப்பதில்லை.

வண்ணங்கள் பெருகியது ஐரோப்பாவில். கானோவின் முறையில் வயது வந்த மாணவர் வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்ற நிறங்களோடு நிறைவடைந்தார். ஜப்பானிய இளைஞருக்கு அது போதுமானதாக இருந்தது. வாரம் இருமுறை மட்டும் பயிற்சிக்கு வரும் லண்டன், பாரிஸ்வாசிகளுக்கு வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான தொலைவு மிக நீண்டதாகத் தோன்றியது. லண்டனில் 1918இல் தொடங்கப்பட்ட புடோக்வாய் சங்கத்தில் 1920களின் பிற்பகுதியிலேயே வண்ணப் பட்டைகள் புழங்கின. 1930களின் நடுவில் பாரிஸில் கற்பிக்கத் தொடங்கிய கவாயிஷி மிகினோசுகே, வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, கறுப்பு என்ற வரிசையைப் பரவலாக்கினார். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு புதிய நிறம் கிடைத்தால் மாணவர் சோர்ந்து விலகமாட்டார் என்ற கணிப்பு பலித்தது. பிரான்ஸ் இன்று ஜூடோவில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று.

அங்கிருந்து ஒவ்வொரு கலையும் தன் தேவைக்கேற்ப நிறங்களைப் பிரித்துக்கொண்டது. கொரியாவின் டேக்வாண்டோவில் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர் கறுப்புப் பட்டைக்குரிய தேர்வில் தேறினாலும் ‘பூம்’ என்ற தனி நிலையும், பாதி சிவப்பும் பாதி கறுப்புமான பட்டையும் பெறுவார். கானோவின் மாணவரான மயேடா மிட்சுயோ 1904இல் ஜப்பானை விட்டுப் புறப்பட்டுப் பல நாடுகளில் மோதி, இறுதியில் பிரேசிலில் குடியேறினார். அவர் கற்பித்ததிலிருந்து வளர்ந்த பிரேசிலிய ஜுஜுத்சு, வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என ஐந்தே நிறங்களோடு பெரியவர்களின் ஏணியை அமைத்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் பல ஆண்டுகள். கறுப்பை அடையப் பொதுவாகப் பத்தாண்டுகள் ஆகும். ஜப்பானிலோ பதினான்கு வயது நிறைந்த, ஊக்கமுள்ள பள்ளி மாணவர் ஓரிரு ஆண்டுப் பயிற்சியில் ஜூடோவின் முதல் டானைப் பெற்றுவிட முடியும். இருவர் இடுப்பிலும் இருப்பது ஒரே நிறம். ஒருவருக்கு அது பள்ளிப் படிப்பின் நிறைவு. மற்றவருக்கு முனைவர் பட்டம்.

இந்த வேறுபாட்டில் குற்றம் ஏதுமில்லை. எந்தக் கலை எதை முதன்மையாகக் கருதுகிறதோ, அதை அதன் ஏணி அளக்கிறது. ஜூடோ போட்டியில் வெல்வதையும் முறைப்படுத்தப்பட்ட அசைவுகளையும் சேர்த்து அளக்கிறது. கராத்தே பள்ளிகள் பல ‘கதா’ எனும் அசைவுத் தொடருக்கு அதிக இடம் தருகின்றன. பிரேசிலிய ஜுஜுத்சுவில் தேர்வைவிட ஆசானின் நீண்டகாலக் கண்காணிப்பே பெரிது. நம் சிலம்பத்துக்கும் கேரளத்தின் களரிப்பயட்டுக்கும் மரபில் வண்ணப் பட்டையே இல்லாமல் இருந்ததும் இதே வகைதான்.

சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. பட்டை கண்ணுக்குத் தெரியும் பொருள் ஆனதால், அது விற்பனைக்குரிய பொருளாகவும் ஆயிற்று. நிறங்கள் கூடக் கூடத் தேர்வுகள் கூடின; தேர்வுகள் கூடக் கூடக் கட்டணங்கள் கூடின. நிறங்களுக்கு நடுவே கோடுகளும் வந்தன. இத்தனை மாதங்களில் கறுப்புப் பட்டை என்று முன்கூட்டியே உறுதியளிக்கும் பள்ளிகளும் பல நாடுகளில் முளைத்தன. ஆசானின் விருப்பத்திலிருந்து மாணவரை விடுவிக்கப் பிறந்த ஏணி, பணம் செலுத்துபவரின் விருப்பத்துக்கு ஆட்படும் நிலை வந்தது. பட்டைக்குக் காப்புரிமை கிடையாது. அதை வழங்குபவரைக் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டமும் கிடையாது. வழங்கும் பள்ளியின் நேர்மையே அதன் ஒரே உத்தரவாதம்.

கடலில் முடிந்த பயணம்

1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் கானோ உறுப்பினரானார். அதில் இடம்பெற்ற முதல் ஆசியர் அவரே. 1911இல் ஜப்பானின் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜப்பான் முதன்முறையாகப் பங்கேற்றது. சென்ற வீரர்கள் இருவர் மட்டுமே. அவர்களுள் நெடுந்தொலைவு ஓட்டக்காரரான கனாகுரி ஷிசோ, கானோவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்.

முதுமையில் அவர் உழைப்பின் பெரும்பகுதி 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவருவதில் சென்றது. 1936இல் அந்த வாய்ப்பு கிடைத்தது. ஆனால், 1937இல் ஜப்பான் சீனாவின் மீது முழு அளவில் போர் தொடுத்தது. சீன மாணவர்களுக்குப் பள்ளி நடத்திய மனிதரின் நாடு, அந்த மாணவர்களின் நாட்டின் மீது குண்டு வீசியது. 1938 மார்ச்சில் கெய்ரோவில் கூடிய ஒலிம்பிக் குழுவில், போட்டிகள் டோக்கியோவிலேயே நடக்கும் என்று கானோ வாதாடி அதை உறுதிசெய்தார். அமெரிக்கக் கண்டம் வழியாக ஊர் திரும்பும்போது, ஹிகாவா மாரு என்ற கப்பலில் நிமோனியா கண்டு, 1938 மே 4 அன்று இறந்தார். வயது 77. யோகோஹாமா துறைமுகம் இரண்டு நாள் தொலைவில் இருந்தது. அடுத்த இரண்டே மாதங்களில் ஜப்பான் அரசு போட்டிகளைக் கைவிட்டது. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோதுதான் ஜூடோ முதன்முதலாக அதில் இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவில் தங்கம் வென்றவர் ஜப்பானியர் அல்லர். நெதர்லாந்தின் ஆண்டன் கீசிங்க். கானோ கட்டிய ஏணி ஜப்பானியருக்கு மட்டுமானதன்று என்பதை உலகம் அன்று கண்டது.

ஏணியின் அடைபட்ட படி

ஆனால், அந்த ஏணி எல்லோருக்குமானதாகவும் உடனடியாக ஆகிவிடவில்லை. கானோ பெண்களுக்கும் ஜூடோ கற்பித்தார். 1926இல் கோடோகானில் பெண்கள் பிரிவு தொடங்கப்பட்டது. அக்காலத்துக்கு அது பெரிய செயல். இருந்தும் பெண்களின் கறுப்புப் பட்டையின் நடுவே நீளவாக்கில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. அவர்கள் ஏறக்கூடிய உச்சமும் ஐந்தாம் டானோடு நின்றது.

கானோவின் முதல் ஆசான் ஃபுகுடா ஹச்சினோசுகேவின் பேத்தி கெய்கோ ஃபுகுடா. தம் ஆசானுக்குச் செலுத்தும் நன்றியாகக் கானோவே அவரை ஜூடோ பயில அழைத்தார். 1935இல் அவர் கோடோகானில் சேர்ந்தார். ஐந்தடியை எட்டாத உயரம் கொண்ட அந்தப் பெண், தம் வாழ்நாளையே ஜூடோவுக்குக் கொடுத்தார். பின்னர் அமெரிக்காவில் குடியேறிக் கற்பித்தார். 1953இல் ஐந்தாம் டான் பெற்ற அவருக்கு ஆறாம் டான் கிடைக்க 1972 வரை ஆயிற்று. திறமை குறைந்ததால் நேர்ந்த தாமதமன்று; பெண்களுக்கு அதற்கு மேல் இல்லை என்ற விதியே காரணம். எதிர்ப்புக் குரல்கள் எழுந்த பிறகுதான் அந்த விதி தளர்ந்தது. 2006இல் கோடோகான் அவருக்கு ஒன்பதாம் டான் வழங்கியது. 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டான் வழங்கியது. 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் மறைந்தார்.

ஃபுகுடாவின் பத்தொன்பது ஆண்டுக் காத்திருப்பு, எந்த அளவுகோலுக்கும் பொருந்தும் பாடம் ஒன்றைத் தருகிறது. அளவுகோலை ஏந்துபவர்களின் பார்வை எங்கு குறுகுகிறதோ, அங்கு அளவும் குறுகிவிடும். அவர் ஐந்தாம் டானில் நின்ற ஆண்டுகளில் அவர் அறிந்த ஜூடோ நிற்கவில்லை. பட்டை அவரை அளக்கத் தவறியது.

இன்றைய பெற்றோருக்கும் மாணவருக்கும் கானோவின் வாழ்க்கை சொல்வது எளிமையானது. பச்சைக்கு அடுத்து நீலமா, பழுப்பா என்பது அந்தந்தப் பள்ளியின் உள் ஏற்பாடு. அதில் சரி, தவறு இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இந்த நிறத்துக்கு என்னென்ன கற்றிருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே சொல்லப்படுகிறதா? தேறாதவரைத் தேறவில்லை என்று சொல்லும் துணிவு அந்தப் பள்ளிக்கு உண்டா? மேல்நிலை மாணவர் கீழ்நிலை மாணவருக்குக் கைகொடுக்கிறாரா? இவற்றுக்கு ஆம் என்று விடை கிடைத்தால் எந்த நிறமும் தகும். விடை கிடைக்காவிட்டால், கறுப்பேயானாலும் அது சாயம் ஏற்றிய பருத்தித் துணிதான்.